‘ஜாக்கிரதையா இருங்க’ என்றால் என்ன பொருள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வரும் நாளில் இரும்புச்சத்து மாத்திரை, தடுப்பூசி, முருங்கைக்கீரை, எடை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் பேசுகிறோம். புருஷனும் பெண்சாதியும் சேர்ந்திருக்கலாமா என்பதை மட்டும் பேசுவதில்லை. யாராவது தயங்கித் தயங்கிக் கேட்டாலும், பக்கத்தில் மாமியார் நிற்பதைப் பார்த்துவிட்டு, ‘கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்கம்மா’ என்று சொல்லி அடுத்த சீட்டைக் கையில் எடுத்துவிடுகிறோம்.

அந்தச் சொல்லை வீட்டுக்கு வீடு வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு கோளாறும் இல்லாத தம்பதி ஒன்பது மாதமும் ஆளுக்கொரு மூலையில் படுக்கிறார்கள். நஞ்சு (வயிற்றுக் குழந்தைக்கு உணவு கொடுக்கும் பிளசன்டா) கர்ப்பப்பை வாயை மூடிக்கிடக்கும் பெண்ணோ, மெதுவாக நடந்துகொண்டால் போதும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறாள். முன்னது வீண் பயம். பின்னது உயிரோடு விளையாடுவது. மகப்பேறுப் பிரிவில் வேலை செய்யும் எங்களுக்கு இதைச் சுற்றிவளைக்காமல் எழுத உங்கள் பக்கத்தில் இடம் கொடுங்கள்.

முதலில் எல்லோரும் மனசுக்குள் கேட்கும் கேள்வி: குழந்தைக்கு இடிக்காதா? இடிக்காது. ஆண்குறி போவது பிறப்புறுப்புப் பாதைக்குள். அந்தப் பாதையின் முடிவில் கர்ப்பப்பை வாய் இருக்கிறது. நடு மாதங்களில் அது 3 முதல் 4 சென்டிமீட்டர் நீளமுள்ள, இறுக மூடிய சதைக்குழாய். அதன் நடுத்துளையைக் கெட்டியான சளி அடைத்துக்கொண்டிருக்கும்; கிருமி மேலே ஏறாமல் தடுப்பது அதுதான். அதற்கும் மேலே பனிக்குடம், பனிக்குடத்துக்குள் நீர், நீருக்குள் குழந்தை. கர்ப்பப்பையின் சுவரோ தடித்த தசை. உறவின்போது குழந்தை துள்ளுகிறது, அல்லது கொஞ்ச நேரம் அசையாமல் இருக்கிறது என்றால், அம்மாவின் இதயத்துடிப்பு மாறுவதும் கர்ப்பப்பை இறுகித் தளர்வதுமே காரணம். நடப்பது என்னவென்று அதற்குத் தெரியாது.

உச்சம் அடையும்போது வயிறு கல் மாதிரி இறுகும். இதில்தான் பலர் மிரண்டுபோகிறார்கள். உச்சத்தில் உடம்பில் ஆக்ஸிடோசின் சுரக்கிறது, விந்தில் புரோஸ்டாகிளாண்டின் இருக்கிறது. இரண்டுமே கர்ப்பப்பைத் தசையைச் சுருக்கக்கூடியவை. ஆனால் கர்ப்பப்பை வாய் பழுக்காத, அதாவது பேற்றுக்குத் தயாராக மிருதுவாகாத நிலையில், வேறு ஆபத்து இல்லாத பெண்ணுக்கு, இந்தச் சுருக்கம் பேறுகால வலியாக மாறுவதில்லை. எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து, இடது பக்கமாகப் படுத்தால் அரை மணி நேரத்தில் தளர்ந்துவிடும். 37 வாரம் ஆகாதவருக்கு ஒரு மணி நேரத்தில் நாலு தடவைக்கு மேல் இறுகி, படுத்தும் அடங்கவில்லை என்றாலோ, இடுப்பிலிருந்து அடிவயிற்றுக்கு இழுத்துக்கொண்டு வந்தாலோ, அதைச் சூட்டு வலி என்று சொல்லிக் கஷாயம் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

கருச்சிதைவு பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். முதல் மூன்று மாதத்தில் கரு கலைந்தால், ‘அன்னைக்கு ராத்திரி சேர்ந்ததாலதான்’ என்று அந்தப் பெண் ஆயுசு முழுக்க மருகுவாள். வீட்டில் ஒருவர் வாய்விட்டே சொல்வார். முதல் மூன்று மாதச் சிதைவுகளில் ஏறக்குறையப் பாதிக்குக் கருவின் குரோமோசோம் கோளாறுதான் காரணம். அது கரு உருவான நாளிலேயே முடிவான விஷயம்.

இனி, யாருக்குக் கூடவே கூடாது என்பது. இதில் முதலிடம் நஞ்சு கீழே இருப்பவர்களுக்கு.

குழந்தையின் உறுப்புகளில் குறை உண்டா என்று பார்க்க 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் அனாமலி ஸ்கேன் அறிக்கையில் பிளசன்டா எங்கே இருக்கிறது என்று ஒரு வரி இருக்கும். வீட்டில் எல்லோரும் குழந்தையின் இதயம், கை, கால் பற்றிய வரிகளைப் படிப்பார்கள். இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நஞ்சின் ஓரம் கர்ப்பப்பை வாயின் உள்துளையிலிருந்து 2 சென்டிமீட்டருக்குள் இருந்தால் ‘கீழே இருக்கிறது’ என்று பொருள். துளையையே மூடியிருந்தால் இன்னும் கவலைக்குரியது. ரத்தம் நிரம்பிய பஞ்சு போன்ற உறுப்பு அது. மாதம் ஏற ஏறக் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி விரிந்து மெலிகிறது. விரியும் சுவரோடு நஞ்சால் ஈடுகொடுக்க முடியாது. ஓரம் பிய்ந்து ரத்தம் கொட்டும். வலியே இருக்காது. படுக்கையில் ஈரம் தெரிந்து விளக்கைப் போட்டால் செக்கச்செவேல் என்று இருக்கும். இப்படிப்பட்ட பெண்ணுக்கு மருத்துவரே விரல் விட்டுச் சோதிக்கமாட்டார். அப்படியிருக்க உறவுக்கு மட்டும் எப்படி அனுமதி உண்டு? ‘வெயிட் தூக்காதீங்க, படி ஏறாதீங்க’ என்று அவளிடம் பத்து விஷயம் சொல்லும் நாம் இந்தப் பதினோராவதை விழுங்கிவிடுவது பெரிய தவறு.

ஆனால் 20 வாரத்தில் சொன்ன தடை கடைசிவரை நீடிக்க வேண்டும் என்பதும் இல்லை. கர்ப்பப்பை வளர வளர நஞ்சு வாயைவிட்டு விலகிப் போவதுதான் பெரும்பாலும் நடப்பது. அனாமலி ஸ்கேனில் கீழே இருந்ததாகச் சொல்லப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு விலகிவிடும். அதற்குத்தான் 32 வாரத்தில் மறுபடியும் ஸ்கேன். அதில் மேலே போய்விட்டது என்று வந்தால், ‘இப்ப தடை இல்லையா டாக்டர்?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். தடை போட்டவர் அதை எடுக்க மறப்பது சர்வசாதாரணம். முந்தைய பேறு சிசேரியன் ஆகி, இந்தத் தடவை நஞ்சும் கீழே இருந்தால் விஷயம் வேறு. பழைய தையல் தழும்புக்குள் நஞ்சு வேர்விட்டிருக்கலாம். அவர்கள் ரத்த வங்கியும் அறுவை அரங்கும் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே பெயர் பதிந்துகொள்வது நல்லது.

அடுத்தது கர்ப்பப்பை வாய் வலுவில்லாதவர்கள். 24 வாரத்துக்குள் ஸ்கேனில் வாயின் நீளம் 2.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் குறைமாதப் பேறுக்கு வாய்ப்பு கூடுகிறது. இவர்களுக்கு வாயில் தையல் போடுவார்கள், அல்லது இரவில் பிறப்புறுப்புக்குள் வைக்க, கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் மாத்திரை கொடுப்பார்கள். தையல் போட்டாயிற்றே, இனிப் பயமில்லை என்று கணவர் நினைப்பதுண்டு. தையல் என்பது தடைக்கான காரணம். தடையை நீக்கும் சீட்டு என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. புரோஜெஸ்டிரோன் விஷயத்தில் எதற்காக எழுதிக்கொடுத்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) கருவுக்கு ஆரம்ப வாரங்களில் வழக்கமாகக் கொடுப்பதும், கர்ப்பப்பை வாயின் நீளம் குறைந்ததற்குக் கொடுப்பதும் ஒரே மாத்திரைதான். சொல்லும் எச்சரிக்கை வேறு.

பனிக்குடம் உடைந்து நீர் கசிபவர்களுக்கு உறவு முற்றிலும் கூடாது. சளி அடைப்பும் போய், பையும் கிழிந்தபின் கிருமி நேராகக் குழந்தையிடம் போகும். ரத்தம் படுகிறவர்கள், அது எத்தனையாவது மாதமானாலும், ரத்தம் நின்று மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை விலகி இருக்க வேண்டும். முன்பு குறைமாதத்தில் பெற்றவர்கள், நடு மாதத்தில் கரு கலைந்தவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள் ஆகியோருக்கு ஒரே விதி கிடையாது. அவரவர் கேஸைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

‘கூடாது’ என்பதற்குள் எதெல்லாம் அடங்கும் என்பதையும் யாரும் விளக்குவதில்லை. பிறப்புறுப்புக்குள் எதையும் செலுத்தக் கூடாது என்பது முதல் பொருள். விரலும் இதில் சேர்த்தி. கர்ப்பப்பை வாய் வலுவில்லாதவர்களுக்கும் குறைமாத வலி வந்து அடங்கியவர்களுக்கும் உச்சம் அடைவதும் வேண்டாம் என்று சில மருத்துவர்கள் சேர்த்துச் சொல்வார்கள். முலைக்காம்பைத் தூண்டுவதும் ஆக்ஸிடோசினைச் சுரக்கவைக்கும் என்பதால் இவர்கள் அதையும் தவிர்க்க வேண்டும். அணைத்துக்கொள்வது, கால் பிடித்துவிடுவது, முதுகில் எண்ணெய் தேய்த்துவிடுவது, ஒரே பாயில் படுப்பது எதற்கும் தடையில்லை. தடை சொல்லப்பட்ட வீடுகளில் கணவர் தொடுவதையே விட்டுவிடுகிறார். ‘என்னைப் பிடிக்கலை போல’ என்று மனைவி அழுகிறாள்.

தடை ஏதும் இல்லாதவர்களுக்கு மாதவாரியாகச் சொல்ல அதிகம் இல்லை. முதல் மூன்று மாதம் குமட்டலும் அசதியும் ஆசையைத் தின்றுவிடும். மார்பு தொட்டாலே வலிக்கும். நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம்வரை பலருக்கு உடம்பு தெளியும். அந்தப் பகுதியில் ரத்த ஓட்டம் கூடியிருப்பதால் முன்பைவிட ஆசை அதிகமாகவும் இருக்கலாம். அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. கடைசி மூன்று மாதம் வயிறே குறுக்கே நிற்கும்.

படுக்கும் விதத்தில் கவனிக்க வேண்டியது இரண்டு. வயிற்றின்மேல் கணவரின் எடை விழக் கூடாது. 20 வாரத்துக்குப் பிறகு மனைவி நெடுநேரம் மல்லாந்து படுக்கக் கூடாது. கனத்த கர்ப்பப்பை முதுகெலும்போரம் ஓடும் பெரிய ரத்தக் குழாயை அழுத்தும், இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், தலை சுற்றும், வியர்க்கும். அப்படி ஆனால் உடனே இடப்பக்கம் ஒருக்களித்தால் சில நிமிடங்களில் சரியாகும். ஆகவே வசதியானது, இருவரும் ஒரே பக்கம் பார்த்து ஒருக்களித்துப் படுப்பது. கணவர் பின்னால் இருப்பார். மனைவியின் வயிற்றுக்கடியில் ஒரு தலையணை, முட்டிகளுக்கு நடுவே ஒன்று. மனைவி மேலே இருப்பதும் நல்லது. எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம் என்பது அவள் கையில் இருக்கும். வலித்தால் நிறுத்த வேண்டும். ‘கொஞ்சம் பொறுத்துக்கோ’ என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

வறட்சியாக இருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும், தண்ணீரில் கரையும் ஜெல்லைப் பயன்படுத்தலாம். ஆணுறை போட்டுக்கொள்பவர்கள் தேங்காய் எண்ணெய், வேஸ்லின் பக்கமே போகக் கூடாது. எண்ணெய் பட்ட ரப்பர் சில நிமிடங்களிலேயே வலுவிழந்து கிழியும். ஏற்கெனவே கர்ப்பமாயிற்றே, ஆணுறை எதற்கு என்று கேட்பவர்கள் அதிகம். கர்ப்பத்துக்காக அதைச் சொல்லவில்லை, தொற்றுக்காகச் சொல்கிறோம். மனைவிக்கு முதல் பரிசோதனையிலேயே எச்ஐவி, சிபிலிஸ், மஞ்சள் காமாலை பி வைரஸ் எல்லாம் பார்த்துவிடுகிறார்கள். கணவருக்கு? அவருக்கு இருந்து அவளுக்கு ஆறாம் மாதத்தில் தொற்றினால், மூன்றாம் மாதம் எடுத்த ‘நெகட்டிவ்’ தாளால் பயன் இல்லை. புதிதாகத் தொற்றிய உடம்பில் வைரஸ் மிக அதிகமாக இருக்கும், குழந்தைக்குப் போகும் வாய்ப்பும் கூடும். அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் கணவரும் இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம். முடிவு வெளியே போகாது. சிபிலிஸ் இருந்தால் இருவரும் சேர்ந்து பென்சிலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அவளுக்கு மட்டும் போட்டால் அவரிடமிருந்து திரும்பவும் வரும். கொசுவால் பரவி வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும் ஜிகா காய்ச்சல் பரவிய ஊரிலிருந்து கணவர் திரும்பியிருந்தால், விந்தில் அந்த வைரஸ் மாதக்கணக்கில் தங்குவதால், பேறு முடியும்வரை ஆணுறை வேண்டும். 2021-இல் பக்கத்துக் கேரளத்திலேயே ஜிகா வந்து போனது.

வாய்வழி உறவால் தீங்கில்லை. ஆனால் பிறப்புறுப்புக்குள் காற்றை ஊதக் கூடாது. ஊதிய காற்று கர்ப்பப்பை ரத்தக் குழாய்களுக்குள் புகுந்தால் நிமிடங்களில் உயிர் போகலாம். அரிதாக நடப்பதுதான், நடந்தால் காப்பாற்றுவது கடினம். உதட்டில் அக்கிக் கொப்புளம் (ஹெர்பிஸ் வைரஸால் வருவது) உள்ள கணவர் அது ஆறும்வரை வாயை அங்கே கொண்டுபோகக் கூடாது. கடைசி மாதங்களில் முதன்முறையாக ஹெர்பிஸ் தொற்றினால் பிறக்கும் குழந்தைக்கு அது மிகவும் ஆபத்து. மலவாய் வழி உறவு கர்ப்பகால மூலத்தைக் கிளறிவிடும். அங்கிருந்து நேராக முன்பக்கம் வந்தால் கிருமியைக் கையோடு கொண்டுவந்த கதைதான்.

உறவுக்குப் பின் சிறுநீர் கழித்துவிடுவது நல்ல பழக்கம். கர்ப்பத்தில் நீர்க்கடுப்பைக் கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம்வரை ஏறிக் குளிர்காய்ச்சலும் குறைமாத வலியும் வரும். இளநீரோடு நிறுத்திக்கொள்ளாமல் சிறுநீரைச் சோதிக்கக் கொடுங்கள். டெட்டால் விட்டு உள்ளே கழுவுவது கூடவே கூடாது. அங்கே இருக்கும் நல்ல கிருமிகள் செத்தால்தான் கெட்டவை குடியேறும். தயிர் போலத் திரிந்து அரிக்கும் வெள்ளை, மீன் வாடை அடிக்கும் வெள்ளை இரண்டுக்கும் வேறு வேறு மருந்து. கடைக்காரரிடம் கேட்டு வாங்காதீர்கள்.

மறுநாள் உள்ளாடையில் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ இரண்டு சொட்டு தெரிந்தால் அது பெரும்பாலும் கர்ப்பப்பை வாயின் மேல்தோலிலிருந்து வருவது. கர்ப்பத்தில் அந்த இடம் ரத்தம் கட்டி மென்மையாக இருக்கும், உரசினால் கசியும். ஓரிரு நாளில் நின்றுவிடும் என்றாலும் சொல்லிவைப்பது நல்லது. அதுவரை உறவு வேண்டாம். சிவப்பாகப் பட்டால், நாப்கின் நனைந்தால், கட்டி விழுந்தால் நேரத்தைக் கடத்தாதீர்கள். அட்டையில் உங்கள் ரத்த வகை ‘நெகட்டிவ்’ என்றிருந்து, 12 வாரத்துக்குப் பிறகு ரத்தம் பட்டால் தாயின் உடம்பு குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் திரும்பாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி 72 மணி நேரத்துக்குள் தேவைப்படலாம். ‘நின்னுபோச்சு, இனி எதுக்கு’ என்று இருந்துவிட்டால் அடுத்த குழந்தைக்கு அது வினையாகும்.

ஈரம் இன்னொரு குழப்பம். விந்து மறுநாள் காலைவரைகூடச் சிறிது சிறிதாக வெளியேறும். அதைப் பனிக்குடநீர் என்று பயப்படுபவர்களும் உண்டு, பனிக்குடநீரை விந்து என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. சிறுநீர் கழித்துவிட்டுச் சுத்தமான நாப்கின் வைத்து ஒரு மணி நேரம் நடமாடுங்கள். விந்தாக இருந்தால் கொழகொழப்பாகக் கொஞ்சம் பட்டு நிற்கும். தண்ணீர் மாதிரி நாப்கின் தொடர்ந்து நனைந்தால், இருமும்போது கூடுதலாக வந்தால், அது பனிக்குடநீர் என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள். பச்சையாகவோ நாற்றத்தோடோ இருந்தால் நாப்கின் சோதனையெல்லாம் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

பெரியவர்கள் சொல்வதையும் பார்ப்போம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு போட்டுத் தாய்வீடு அனுப்புவதில் உறவைத் தடுக்கும் நோக்கமும் இருந்திருக்கலாம். களைத்த பெண்ணுக்கு ஓய்வு கிடைக்கிற அந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. ஆனால் கடைசி மாத உறவால் குழந்தை ஊனமாகும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. இதற்கு நேர்மாறான பேச்சும் உண்டு: தேதி தாண்டிவிட்டதா, சேர்ந்திருங்கள், வலி வந்துவிடும் என்பார்கள். மலாயா பல்கலைக்கழக மருத்துவமனையினர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறைமாதப் பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் இந்த யோசனையைச் சொல்லிப் பார்த்தார்கள். 2013-இல் வெளியான முடிவின்படி இரு பகுதியினருக்கும் பேறு நேரத்தில் வித்தியாசம் தெரியவில்லை. விருப்பம் இருந்தால் சேர்ந்திருக்கட்டும். வலியை வரவழைக்கும் மருந்தாக நினைத்து, தூக்கமில்லாமல் தவிக்கும் நிறைமாதப் பெண்ணைத் தொந்தரவு செய்யக் கூடாது.

மருத்துவக் காரணம் எதுவும் இல்லாமலே அவள் ‘வேண்டாம்’ என்றால் அதுவே போதுமான காரணம். கட்டாயப்படுத்துவதும் வயிற்றில் அடிபடுவதும் நஞ்சு பிய்ந்து தாயும் சேயும் போகும் அளவுக்குக் கொண்டுவிடலாம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாலியல் கொடுமையும் அடங்கும். 181 என்ற எண்ணில் எந்நேரமும் உதவி கேட்கலாம். தனியாக ஐந்து நிமிடம் கிடைத்தால்தான் இதையெல்லாம் ஒரு பெண் வாய்திறந்து சொல்வாள். அதனால் பரிசோதனை அறையில் துணைக்கு வந்தவரைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்வதை வழக்கமாக்கினால் நல்லது.

சுகாதாரத் துறைக்கு எங்கள் கோரிக்கை சின்னது. தாய் சேய் நல அட்டையில் எடைக்கும் ஹீமோகுளோபினுக்கும் கட்டம் இருப்பதுபோல் இதற்கும் ஒரு கட்டம் வையுங்கள். ‘தாம்பத்திய உறவு: தடையில்லை’ அல்லது ‘தாம்பத்திய உறவு: வேண்டாம், காரணம் இது, மறுபடி பார்ப்பது இத்தனையாவது வாரம்’ என்று மருத்துவர் கைப்பட எழுதட்டும். 20 வார ஸ்கேனுக்குப் பிறகு ஒருமுறை, 32 வாரத்தில் ஒருமுறை எழுதினால் போதும். கேட்கக் கூச்சப்படும் பெண் கேட்க வேண்டியதில்லை. சொல்லக் கூச்சப்படும் மருத்துவர் சொல்ல வேண்டியதில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கணவர் அட்டையைப் புரட்டிப் படித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
மகப்பேறுப் பிரிவுச் செவிலியர்கள் மூவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.